கவனப்பெட்டி

ஓட்டுநர்களின் கவனம் சிதறுகிறது என்று கண்டுபிடித்ததும் அரசாங்கம் ஓர் ஆணையம் அமைத்தது. சாலைக் கவன ஆணையம் என்று பெயர். ஆணையம் என்றால் அதற்குக் கட்டடம் வேண்டும். நகரத்தின் நடுவில், லாரிக்காரர்களும் வேன்காரர்களும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடும் ஓய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அதை இடித்துவிட்டுக் கட்டினார்கள். தூங்காமல் வண்டி ஓட்டுவது எப்படி என்ற வகுப்பு இப்போது அங்கேதான் நடக்கிறது.

ஆணையம் பிறந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு லாரிக்காரர் கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே போய், சிவப்பு விளக்குக்கு நின்றிருந்த காரின் மேல் ஏறிவிட்டார். காருக்குள் ஒரு குடும்பமே இருந்தது. ஊர் கொதித்தது. ஓட்டும்போது கைப்பேசியில் வரைபடம் பார்க்க ஆணையம் தடை போட்டது. அத்தோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். ஒரு தடை போடுவதற்கா இத்தனை மாடி, இத்தனை நாற்காலி என்று யாரோ கேட்டுவைத்தார்கள். கேட்டவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார். அதற்குப் பதிலாக வந்ததுதான் கவனப்பெட்டி.

கவனப்பெட்டி சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். ஓட்டுநருக்கு நேர் முன்னால், கண்ணாடியின் கீழ்ப்பாதியை மறைத்தபடி அதைப் பொருத்துவார்கள். செயற்கைக்கோளைக் கேட்டு, போகவேண்டிய தெருவை நீலக்கோடாகக் காட்டும். இதைக் கைப்பேசியும் செய்ததுதானே என்று கேட்டால் ஆணையத்துக்குக் கோபம் வரும். கவனப்பெட்டிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. சற்றைக்கொரு தரம் திரையில் ஒரு கேள்வி எழும்: ‘உங்கள் கண்கள் சாலையில் இருக்கின்றனவா?’ கீழே ஒரு பச்சை வட்டத்துக்குள் ‘ஆம்’ என்றிருக்கும். ஓட்டுநர் அதைத் தொடவேண்டும். தொட்டால் கவன மதிப்பெண் ஏறும், தொடாவிட்டால் இறங்கும். மிகவும் இறங்கினால் உரிமம் போய்விடும். சத்தம் கவனத்தைக் கெடுக்கும் என்பதால் பெட்டி வாயைத் திறக்காது. கேள்வி வந்திருக்கிறதா என்று அவ்வப்போது திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரேக் அண்ணனின் வேனுக்கும் பெட்டி வந்தது.

உரிமத்தில் அவருக்கு வேறு பெயர். டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் கொண்டுபோய் விடுகிற வேன்காரர்கள் எல்லோருக்கும் அவர் பிரேக் அண்ணன். காக்கா இறங்கி வந்தாலும் கால் பிரேக்குக்குப் போய்விடும். ஒரு பந்து உருண்டு வந்தால், பின்னாலேயே ஒரு குழந்தை வரும் என்று நிறுத்திவிடுவார். குழந்தை வராவிட்டாலும் அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அமுக்கி அவருடைய பரம்பரையையே விசாரிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. வண்டிக்குள் இருப்பவர்களோ கையெல்லாம் ஊசிக் காயத்தோடு, குலுங்கினால் முகம் சுளிப்பவர்கள். அவர்களுக்கு இப்படி ஒரு டிரைவர் கிடைத்ததே பெரிய ஆறுதல்.

முதல் மாதம் முடிந்ததும் ஆணையத்திலிருந்து ஆட்கள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இயக்குநரின் மேசையிலும் ஒரு திரை இருந்தது. அவர் பேசியதெல்லாம் அந்தத் திரையோடுதான். எதிரில் நிற்கிறவர் உயரமா குட்டையா என்று பிறகு யாராவது கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

“நகரத்துலயே குறைஞ்ச கவனம் உங்களோடதுதான்” என்றார்.

“நான் இதுவரைக்கும் யாரையும் இடிச்சதில்லையே சார்.”

“இடிக்கறதைப் பத்தி இங்க பேச்சே இல்லை. அதெல்லாம் போலீஸ் பாத்துக்கும். நாங்க கவனத்தைப் பாக்கறோம். பெட்டி கேட்டா ஏன் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க?”

“கேட்டதே தெரியலைங்க சார். ரோட்டைப் பாத்துட்டு இருந்துட்டேன்.”

“அதைத்தானே அது கேக்குது? பாத்துட்டு இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பாத்தா என்ன கொறைஞ்சு போயிடும்?”

“சொல்லணும்னா பெட்டியைப் பாக்கணுமே சார். அந்த நேரத்துல ரோடு...”

இயக்குநர் பொறுமைசாலி. கையை உயர்த்தி அவரை நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் சொல்வதைப்போல நிதானமாகச் சொன்னார்:

“இங்க பாருங்க. நீங்க ரோட்டைப் பாக்கறது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? நான் வந்து உங்க பக்கத்துல உக்காந்துக்க முடியுமா? நீங்க சும்மா பாத்துட்டே போனா அது உங்க சொந்த விஷயம். பாக்கறேன்னு பதிவு பண்ணினாத்தான் அது பாதுகாப்பு.”

பிரேக் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டாலும் தலையாட்டினார். தலையாட்டியதையும் இயக்குநர் பார்க்கவில்லை.

மறுபயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். வகுப்பறையின் ஜன்னல்களுக்குக் கெட்டியான காகிதம் ஒட்டியிருந்தது, வெளியே சாலை தெரிந்தால் பயிற்சியில் கவனம் போகாதாம். ஒவ்வொருவர் முன்னாலும் மேசைமேல் ஒரு பெட்டி இருந்தது. ஸ்டியரிங் இல்லை, பிரேக் இல்லை. “முதல்ல கவனம் பழகுங்க, ஓட்டறதை அப்புறம் சேத்துக்கலாம்” என்றார் பயிற்றுநர். அவர் தினமும் பஸ்ஸில்தான் வருகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் காதைக் கடித்தார். உங்களுக்கு ஓட்டத் தெரியாதா என்று ஒரு லாரிக்காரர் கேட்டே விட்டார். “ஓட்டிப் பழகியிருந்தா உங்க கெட்ட பழக்கமெல்லாம் எனக்கும் ஒட்டியிருக்குமே” என்றார் அவர். சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான நிம்மதி தெரிந்தது.

வட்டம் நகர ஆரம்பித்ததும் அப்போதுதான். சில கெட்டிக்காரர்கள் திரையைப் பார்க்காமலே குத்துமதிப்பாகத் தொட்டுக்கொண்டு, கண்ணைச் சாலையிலேயே வைத்திருப்பதை ஆணையம் கண்டுபிடித்துவிட்டது. இது அப்பட்டமான மோசடி என்று சுற்றறிக்கை சொன்னது. அன்றிலிருந்து பச்சை வட்டம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மூலையில் தோன்றியது. வேகம் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பதால், வண்டி வேகமாகப் போகும்போது கேள்வியும் அடிக்கடி வந்தது.

வகுப்பின் கடைசியில் முன்மாதிரி ஓட்டுநர் ஒருவரை மேடைக்கு அழைத்தார்கள். முழு மார்க் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். ஒரு கேள்வியைக்கூட அவர் விட்டதில்லை. வெளியே நின்ற அவருடைய வண்டியின் முன்பக்கம் மிதித்த தகர டப்பாவாக இருந்தது. தேநீர் இடைவேளையில் பிரேக் அண்ணன் மெல்ல அவரிடம் போய், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார்.

“ரோடு எங்கண்ணே போகப்போகுது? அங்கயேதான் கெடக்கும். வட்டம்தான் ஓடிப்போயிடும். அதைப் புடிங்க” என்றார் முழு மார்க். பேசும்போது அவருடைய ஆள்காட்டி விரல் தானாகக் காற்றில் தொட்டுக்கொண்டே இருந்தது.

வேனுக்குத் திரும்பினால் அங்கே வேறு கூத்து. வரைபடம் தயாரானபோது ஆஸ்பத்திரியின் வாசல் இருந்த இடத்தில் இப்போது பிணவறை இருக்கிறது. பெட்டி சொன்ன இடத்துக்குப் போகாவிட்டால் பயணம் முடிந்ததாகக் கணக்கில்லை. ஆகவே தினமும் நோயாளிகளை முதலில் பிணவறை வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று பெட்டி காட்டிய பிறகு, சுற்றிக்கொண்டு சரியான வாசலுக்குப் போகவேண்டும். பின்சீட்டில் எப்போதும் உட்காரும் தையல்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “எப்படியும் வரத்தானே போறோம்னு ஒத்திகை பாக்குது” என்றார். வண்டியே சிரித்தது. பிரேக் அண்ணனால் சிரிக்க முடியவில்லை. அன்று காலைதான் கடைசி எச்சரிக்கை வந்திருந்தது. அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் உரிமம் ரத்து.

வீட்டில் சொன்னார். மனைவிக்குப் பிஸ்கட் கம்பெனியில் பெட்டி ஒட்டும் வேலை. நாள் முழுக்க நின்று கால் வீங்கி வந்திருந்தாள்.

“ஊர்ல எல்லாரும் அமுக்கறாங்க. உங்களுக்கு மட்டும் என்னங்க வந்துச்சு?”

“பயமா இருக்குடி. கண்ணை எடுத்தா எவனாவது குறுக்க வந்துருவானோன்னு.”

“லைசென்ஸ் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல.”

வேறு தொழில் அவருக்குத் தெரியாது. அது இரண்டு பேருக்குமே தெரியும். அவள் ஒரு பாட்டில் மூடியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதைத் தட்டைச் சுற்றி ஓரிடமாக வைத்தாள். அவர் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் அதைத் தொடவேண்டும். முதலில் சோறு சட்டையில் சிந்தியது. மகள் கைகொட்டிச் சிரித்தாள். போகப் போக விரல் பழகிவிட்டது. மூடி எங்கே போனாலும் கண் அதன் பின்னாலேயே போயிற்று. என்ன சாப்பிட்டோம் என்பது மட்டும் எழுந்த பிறகு நினைவிருப்பதில்லை.

மதிப்பெண் ஏறியது. ஆணையத்திலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது, நட்சத்திரமெல்லாம் போட்டு. பிரேக் அண்ணன் அதை மனைவியிடம் காட்டினார், மகளிடம் காட்டினார், தையல்காரரிடமும் காட்டினார். அவருக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அவர் இப்போது யாருக்காகவும் நிறுத்துவதில்லையே.

“அண்ணே, கொஞ்சம் பாத்து” என்றார் தையல்காரர் ஒருநாள். “நாய் மேல ஏத்திட்டு வந்துட்டீங்க.”

“எந்த நாய்?”

தையல்காரர் பின்கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிரேக் அண்ணனுக்கும் மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தார். நீலக்கோட்டை விட்டுத் திரும்பினால் மதிப்பெண் குறையும்.

அது நடந்தது நல்ல பகல் வெளிச்சத்தில். மழை இல்லை, நெரிசல் இல்லை. தெரு நேராக, அகலமாக, யாருக்கும் எதுவும் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருந்தது. கேள்வி வந்தது. வட்டம் வலது மேல் மூலையில் இருந்தது. பிரேக் அண்ணன் தொட்டார். ‘நன்றி’ என்றது திரை. பின்னால் தையல்காரர் கத்தியதும், வண்டியின் முன்னால் தொப்பென்று சத்தம் கேட்டதும் அதற்குப் பிறகா, அதற்கு முன்பா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

இறங்கி ஓடினார். சலவைக்கடையில் இஸ்திரி போடும் பெண் அவள். யார் வீட்டுக்கோ கொடுக்கக் கொண்டுபோன துணிகள் தெருவெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றில் சில இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவள் குப்புறக் கிடந்தாள். அவர் தொட்டுப் பார்க்கும்போதே உயிர் இல்லை. யாரோ ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து அவள் மேல் போட்டார்கள். பிரேக் அண்ணன் நடுத்தெருவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வேனுக்குள் பெட்டி, ‘நின்றுவிட்டீர்கள். பயணத்தைத் தொடரவும்’ என்று காட்டிக்கொண்டிருந்தது.

போலீஸ்காரர் வந்தார். கீழே கிடந்தவளைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

“இடிக்கறப்ப கவனம் முழுசா இருந்திருக்கே. அப்ப இது எங்க கேஸ் இல்லை. ஆணையம்தான் விசாரிக்கணும்” என்றார்.

விசாரணை ஆணையத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. முன்வரிசையில் அதிகாரிகள். கடைசி வரிசையில் இறந்தவளின் கணவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கவேண்டும், விரல்களில் பித்தளைத் தூள் ஒட்டியிருந்தது.

முதலில் தையல்காரரை அழைத்தார்கள். பெட்டி மறைத்தது போக, எக்கிப் பார்த்தபோது துணி மூட்டை ஒன்று குறுக்கே வருவது தெரிந்தது என்றும், ஆள் முகம்கூடத் தெரியவில்லை என்றும், கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் சொன்னார்.

“உங்க கவன மதிப்பெண் என்ன?” என்று இயக்குநர் கேட்டார்.

“எனக்கு எதுங்க சார் மதிப்பெண்? நான் பின்னாடி உக்காந்து வர்ற நோயாளி.”

“மதிப்பெண் இல்லாதவர் பார்த்ததாகச் சொல்வதை ஆணையம் பார்த்ததாக எடுத்துக்கொள்ள இயலாது” என்று இயக்குநர் பதிவு செய்யச் சொன்னார். தையல்காரர் ஊசி குத்திய கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்து பிரேக் அண்ணன். அவர் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அதைச் சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போய்விடுவது என்று தீர்மானம். மனைவியிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். அவள் அழுதாள்.

“நான் ரோட்டைப் பாக்கலைங்க சார். பெட்டியைப் பாத்துட்டிருந்தேன்.”

“ஆம்னு பதில் சொல்லியிருக்கீங்களே?”

“அது பொய் சார்.”

மண்டபத்தில் சலசலப்பு. இயக்குநர் மட்டும் அசையவில்லை. அவர் குரலில் கனிவு கூடியது.

“அதிர்ச்சியில இருக்கீங்க. உங்க நிலைமையில யாரா இருந்தாலும் இப்படித்தான் உளறுவாங்க. மனுஷனோட ஞாபகம் அதிர்ச்சியில கலங்கிடும். பெட்டிக்கு அதிர்ச்சி கிடையாது. அது கலங்காது.”

“எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். வட்டம் வலது மேல் மூலையில இருந்துச்சு.”

“பாத்தீங்களா, எவ்வளவு கவனம்” என்று இயக்குநர் முன்வரிசையைப் பார்த்துச் சொன்னார். முன்வரிசை தலையாட்டியது.

“என்னை தண்டிங்க சார்” என்றார் பிரேக் அண்ணன். கைகூப்பிவிட்டார். “ஒரு உசுரு போயிருக்கு. என்னாலதான் போச்சு. லைசென்ஸையாவது புடுங்குங்க.”

“முழு மதிப்பெண் எடுத்தவர் லைசென்ஸைப் புடுங்க விதி இல்லை.”

இயக்குநர் எழுந்து ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “சம்பவம் நடந்த கணத்தில் ஓட்டுநரின் கவனம் நூற்றுக்கு நூறு என்று ஆணையம் காண்கிறது. ஆகவே அவரிடம் பிழை இல்லை. பெட்டி ஒழுங்காகக் கேட்டிருக்கிறது, ஒழுங்காகப் பதில் பெற்றிருக்கிறது. ஆகவே பெட்டியிடமும் பிழை இல்லை. மீதி இருப்பவர் ஒருவர்தான். இறந்தவர் சாலையைக் கடக்கும்போது கவனமாக இருந்தாரா என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. இது ஒரு பெருங்குறை. இதைக் களைய, நடந்து செல்வோர் அனைவரும் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நடக்க ஏதுவாக, சிறிய கவனப்பெட்டி ஒன்றை வழங்க ஆணையம் பரிந்துரைக்கிறது. இந்த இழப்பு வீண்போகாது.”

முன்வரிசை கைதட்டியது. தட்டிய பிறகு, தட்டலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இயக்குநர் கடைசி வரிசையை நோக்கிக் கையை நீட்டினார். அவருக்கும் மனைவி, மக்கள் உண்டு. அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது என்றே சொல்லவேண்டும்.

“ஐயா, உங்களுக்கு ஆணையம் ஒரு ஆறுதலைத் தர முடியும். உங்க மனைவி யாரும் கவனிக்காம சாகலை. அந்தக் கடைசி நொடியில ஒரு மனுஷர் தன்னோட முழுக் கவனத்தோட அவங்களைப் பாத்துட்டிருந்தார். இது ஆதாரத்தோட நிரூபணமாகியிருக்கு. எத்தனை பேருக்கு இந்த பாக்கியம் கெடைக்கும்?”

பூட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

எல்லோரும் போன பிறகு பிரேக் அண்ணன் மண்டபத்தின் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார். வேனை எடுத்துப் போகலாம் என்று சாவியைக் கையில் கொடுத்திருந்தார்கள். நாளைக் காலையில் நோயாளிகள் காத்திருப்பார்கள். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்து நிமிர்ந்தார். பூட்டுக்காரர்.

அடிப்பார் என்று நினைத்தார். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தார்.

“உங்ககிட்ட சண்டை போட வரலைங்க” என்றார் பூட்டுக்காரர். “ஒண்ணு கேக்கணும். அவ கெடக்கறப்ப நான் வந்தேன். மூஞ்சியைத் துணி போட்டு மூடிட்டாங்க. அப்புறம் ஆஸ்பத்திரியிலயும் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க, பாக்கற மாதிரி இல்லைன்னு.”

பிரேக் அண்ணன் கையிலிருந்த சாவியைப் படியில் வைத்தார்.

“வண்டி வர்றதை அவ பாத்தாளா? பயந்தாளா? இல்லை, எதையாவது நெனச்சுக்கிட்டு அவ பாட்டுக்கு நடந்தாளா? எப்பவும் ஏதாவது முணுமுணுத்துக்கிட்டேதான் நடப்பா. கடைசியா மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னா போதும். நான் போயிடுவேன்.”

“நான் பாக்கலைங்க” என்றார் பிரேக் அண்ணன்.

“முழுக் கவனத்தோட பாத்தீங்கன்னு உள்ள சொன்னாங்களே.”

“பாக்கலைங்க. சத்தியமா பாக்கலை. ஆளே தெரியாதுங்க எனக்கு.”

பூட்டுக்காரர் பிடிவாதக்காரக் குழந்தையிடம் சொல்வதைப்போல, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

“அதிர்ச்சியில மறந்திருக்கும்னு அவரும் சொன்னாருல்ல. அவசரம் ஒண்ணும் இல்லைங்க. யோசிச்சுப் பாத்துச் சொல்லுங்க. வீட்டுக்குப் போயி எனக்கும் வேலை ஒண்ணும் இல்லை.”

பித்தளைத் தூள் படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பிரேக் அண்ணனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.